மியூஸ்ஸ்கோரில் எழுதிய தமிழ்ச் சேர்ந்திசை ஸ்கோர், அச்சில் ஏன் வாசிக்கச் சிரமமாக இருக்கிறது?

நான்கு குரல், பியானோ, தமிழ் வரிகள். இசைக்குறி எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4இல் எழுதி ஏ4 தாளில் அச்சிட்டீர்கள். சுரப்பிழை ஒன்றும் இல்லை, ஆனாலும் சமூக மன்றப் பாடகர் குழு தடுமாறுகிறது என்கிறீர்கள். இசைக்குறிகளை விட்டுவிட்டு முதலில் பாடல் வரிகளைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்கோரில், அதாவது இசைக்குறித் தாளில், கிடைமட்ட இடைவெளிதான் காலம். ஒரு கால் நோட்டுக்கு விடும் இடத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அரை நோட்டுக்கு விடுவது பழைய தகட்டுச் செதுக்கர்களின் வழக்கம். இரண்டு மடங்கு விட்டால் ஓட்டையாகத் தெரியும், சமமாக விட்டால் தாளம் கண்ணில் படாது. மென்பொருளும் இந்த விகிதத்தை ஒட்டியே நோட்டுகளை வைக்கிறது. தமிழ் அசை அகலமானது என்பதால் வரிகள் மோதாமலிருக்க நோட்டுகளைத் தள்ளிவைக்கிறது. பதினாறாம் நோட்டுகள் (மிகக் குறுகிய நோட்டுகள்) நிறைந்த பார், அதாவது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி, பாய் விரித்ததுபோல் அகன்றுவிடும். அடுத்து ‘ஆ’ என்று நீளும் பார் சுருங்கிவிடும். பாடுபவரின் கண் ஏமாறுவது இங்கேதான்.

அசை பிரிப்பை முதலில் சரிசெய்யுங்கள். புள்ளி எழுத்து முன் அசையோடுதான் போகவேண்டும்: கொண்-டாட்-டம், சிங்-கப்-பூர். ‘கொண்-டா-ட்டம்’ என்று தட்டினால் ஓர் அசை மெய்யில் தொடங்கும். தமிழ் மரபில் எந்தச் சொல்லும் அப்படித் தொடங்காது, வாயும் தயங்கும். ஒரே அசை பல நோட்டுகளுக்கு நீண்டால், கடைசி நோட்டு வரை அடிக்கோடு போடுங்கள். அப்படி நீளும் அசை முதல் நோட்டின் இடது ஓரத்தில் தொடங்கும். மற்ற அசைகள் நோட்டுக்கு நடுவில் நிற்கும்.

அடுத்தது எழுத்துரு. மியூஸ்ஸ்கோரின் வழக்கமான எட்வின் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதனால் கணினி தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும்: விண்டோஸில் ஒன்று, மேக்கில் வேறொன்று. கோப்பை இன்னொருவர் திறந்தால் அகலம் மாறி, பக்கம் குலைவது இதனால்தான். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றை ஸ்டைல் பகுதியில் நீங்களே குறித்துவிடுங்கள்; குழுவுக்கு பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள். எழுத்தளவை 10இலிருந்து 9 பாயின்ட்டுக்குக் குறைத்தாலே பாதி நெரிசல் தீரும். அதற்கும் கீழே போகாதீர்கள். இரண்டு சரணங்கள் இருந்தால் வரி உயரத்தை 115 சதவீதமாக்கிப் பாருங்கள். மேல் வரியின் ‘மூ’, ‘ழு’ கீழே இறங்கும், கீழ் வரியின் ‘கீ’, ‘தி’ மேலே சுழிக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் நெருக்கமாக இருந்தால், ஒரு வரிசைக்கு நாலு பார் என்ற பிடிவாதத்தை விடுங்கள். மூன்று போதும். பார் கோட்டைத் தேர்ந்து என்டர் தட்டினால் வரிசை உடையும். மூச்சு விடும் இடத்தில் உடையுங்கள், சொல்லின் நடுவில் வேண்டாம். பக்கம் திருப்பும் இடத்தில் பியானோவுக்காவது ஒரு ரெஸ்ட் (வாசிக்காமல் நிற்கும் இடம்) இருக்கட்டும்.

குரலுக்கான ஸ்டாஃபுக்கு (ஐந்து கோட்டு வரிசைக்கு) ஃபோர்டே (பலமாக), பியானோ (மென்மையாக) என்ற குறிகள் மேலே வரவேண்டும், கீழே வரிகளுக்குத்தான் இடம். பலரும் தவறவிடுவது இது. நோட்டின் தண்டு நீளம், தண்டுகளை இணைக்கும் பீமின் தடிமன், நோட்டுகளைச் சேர்த்துக் காட்டும் ஸ்லர் வளைவு இவற்றையெல்லாம் கையால் தொடாதீர்கள். தண்டு மூன்றரை ஸ்பேஸ் (ஸ்பேஸ் என்பது ஸ்டாஃபின் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம்), பீம் அரை ஸ்பேஸ் என்ற மரபை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. இசைக்குறி எழுத்துருக்களில் லேலண்டா பிராவுராவா என்ற விவாதத்துக்கும் இப்போது அவசரமில்லை, இரண்டுமே நல்லவை.

அளவு முக்கியம். பேஜ் செட்டிங்ஸில் ஸ்டாஃப் ஸ்பேஸ் 1.75 மி.மீ. என்றால் ஐந்து கோடும் சேர்ந்து 7 மி.மீ. உயரம். நாலு குரலும் பியானோவும் ஏ4இல் அடங்க அது பெரிது. 1.4 முதல் 1.5 வரை வையுங்கள், 6 மி.மீ.க்குள் வரும். 5க்குக் கீழே போனால் நின்றுகொண்டு கையில் பிடித்துப் பாடுபவருக்குத் தெரியாது. சிங்கப்பூர் எஸ்பிளனேட் நூலகத்தில் அச்சு ஸ்கோர்கள் இருக்கின்றன. நல்ல பதிப்பகத்தின் சேர்ந்திசை ஸ்கோர் ஒன்றில் அளவுகோல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரையில் கோடுகள் தடித்தும் மெலிந்தும் தெரிவது பிக்சல் கோளாறு, அதை வைத்து எதையும் மாற்றவேண்டாம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசர் அச்சுப்பொறியில் ஒரு ஸ்டாஃப் கோட்டுக்கு நாலு புள்ளிதான் கிடைக்கும். டோனர் மிச்சப்படுத்தும் முறையில் அச்சிட்டால் அதுவும் சாம்பலாகிவிடும். புளோக் கீழே உள்ள கடையில் கொடுத்தால் ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், 100 சதவீதம் என்று சொல்லிவிடுங்கள். இரு பக்கமும் அச்சிட 80 கிராம் தாள் மெல்லியது, பின்பக்க நோட்டுகள் தெரியும். 100 கிராம் கேளுங்கள். முதல் தாள் வந்ததும் அளவுகோலால் ஒரு ஸ்டாஃபை அளந்த பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.