கூட்டத்துக்கு முன்னமே முடிஞ்ச கூட்டம்

வாசகர் கேள்வி, பதில்

ஐயா, நான் ஒரு சங்கத்தில கணக்கு எழுதுறன். கடன் விண்ணப்பம் பாக்கிற முறைய மாத்தணும் எண்டு ரெண்டு பக்கத்தில எழுதிக் குடுத்து 4 மாசமாச்சு. ஒவ்வொரு கூட்டத்திலயும் "அடுத்த முறை பாப்பம்" எண்டுறாங்க. ஒராளும் எதிர்த்துக் கதைக்கல்ல, கைய உயத்தச் சொல்லவும் இல்ல. எதிர்த்தாலாவது மறுமொழி சொல்லலாம். இது என்ன விளையாட்டு?
- ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

தங்கச்சி, உங்கட கடதாசிய ஒராளும் தோற்கடிக்கல்ல. தோற்கடிக்கிறதுக்கு முதல்ல அத மேசைக்கு எடுக்கணுமே, எடுக்காமலே விட்டா வேல முடிஞ்சுது. பீட்டர் பச்ராக், மோர்ட்டன் பராட்ஸ் எண்டு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர் 1962 இலயே இதப் பத்தி எழுதிட்டாங்க: அதிகாரத்துக்கு ரெண்டு முகமாம், ஒண்டு எல்லாரும் பாத்திரிக்க எடுக்கிற முடிவு, மத்தது ஒரு விசயம் முடிவெடுக்கிற இடத்துக்கே வராமப் பாத்துக்கொள்றது. ரெண்டாவது முகத்துக்குச் சத்தம் இல்ல, அதான் உங்களுக்கு ஆரோட சண்ட பிடிக்கிற எண்டே தெரியல்ல.

நான் கூட்டுறவுப் பக்கம் வேல செஞ்ச காலத்தில ஒரு சங்கத்துத் தலைவர் இரிந்தார், ஒரு நாளும் குரல உயத்தினதில்ல. கூட்டம் 3 மணிக்கு எண்டு போட்டு 3.40க்குத்தான் தொடங்குவார், போன கூட்டறிக்கைய செயலாளர் சொல்லுக்குச் சொல் வாசிப்பார், பிளேன்டீயும் வாய்ப்பனும் வரும், தலைவருக்குப் பிடிக்காத விசயம் எப்பவும் கடைசியில 'ஏனைய விடயங்கள்' எண்டதுக்குள்ள கிடக்கும், அதுக்கு வரக்குள்ள அஞ்சரையாயிரும், வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரைக்குப் போறவர் கடைசி பஸ்ஸ நினைச்சி குடைய எடுத்திருவார், அவருக்குப் பின்னால இன்னொராள் எழும்பினா கோரம் இல்ல, கூட்டம் நடத்த ஆள் காணாது. மறுகா என்ன, அடுத்த மாசம்தான். நான் குடுத்த ஒரு விசயமும் ஆறு மாசம் இப்பிடிப் போச்சு. எனக்கு விசயம் விளங்கினது செயலாளர்ட கொப்பியத் தற்செயலாப் பாத்த அண்டைக்குத்தான். பென்சிலால எழுதின நிகழ்ச்சி நிரல், என்ட விசயம் 3ஆம் இலக்கத்தில இரிந்திரிக்கு, அதிலிரிந்து ஒரு அம்புக்குறி கீழ இறங்கி 9க்குப் போகுது. அவ்வளவுதான், ஒரு சின்ன அம்பு.

நீங்க செய்யிற வேல கூட்டத்தில இல்ல, கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்ன. செயலாளர்ட்ட எழுத்தில குடுங்க, நிரல்ல மேல போடச் சொல்லிக் கேளுங்க, நிர்வாகக்குழுவில ரெண்டு பேர வீட்ட போய்க் கண்டு முன்மொழிய ஒராள், வழிமொழிய ஒராள் எண்டு பிடிச்சி வைங்க. அப்பிடியும் தள்ளிப்போட்டா, ஏன் தள்ளிப்போட்ட எண்டத கூட்டறிக்கையில எழுதச் சொல்லுங்க. காரணம் எழுத வேண்டி வந்தா கன பேருக்குப் பேனை ஓடாது. இன்னொண்டு, புதுமுறை வந்தா ஆருக்கு நட்டம் எண்டு யோசிச்சீங்களா? இப்ப வரிசையில நிக்காமக் கடன் எடுக்கிற ஆக்கள் ஆராவது இரிக்காங்களா பாருங்க. என்னட்டச் சொல்ல வேணாம்.

வீட்ட போய்க் கதைச்சி ஆள் சேக்கிறது எல்லாம் அரசியல்தானே சேர்? வேல செய்யிற இடத்தில அரசியல் வந்தாலே அசிங்கம் எண்டுதான் நான் நினைக்கிறன்.
- ஒரு வாசகர், ஏறாவூர்

தம்பி, முகத்துவாரம் வெட்டுற கதைய எடுங்க, வாவி கடலோட சேர்ற வாய அடைச்சிக் கிடக்கிற மணல வெட்டி விடுறது. மழ விடாம ஊத்தினா வயல்காரருக்கு முகத்துவாரத்த வெட்டணும், இல்லாட்டி வெள்ளாம அழுகிரும். வாவியில வல வீசுறவருக்கு கண்ட நேரத்தில வெட்டினா றாலும் மீனும் கடலுக்குப் போயிரும். கரையோரத்தில வீடு வைச்சிரிக்கிறவருக்கு தண்ணி படிக்கட்டுக்கு வந்தா இண்டைக்கே வெட்டணும். இதில ஆரு கள்ளன்? மூணு பேரும் அவங்கட சோத்துக்காகத்தான் கதைக்காங்க. வேற வேற தேவ இரிக்கிற ஆக்கள் ஒரு முடிவுக்கு வரணும் எண்டா ஆள் சேக்கிறதும் பேரம் பேசுறதும் இரிக்கத்தான் செய்யும். அசிங்கம் எங்க வருது எண்டா, மூணு பேரில ஒராளுக்கு மட்டும் கூட்டம் எப்ப எண்டு சொல்லாம விடுறதில. நம்மட பக்கம் கன இடத்தில கோயிலுக்கு குடி (தாய்வழி வம்சம்) பாத்து வண்ணக்கர், பள்ளிவாசலுக்கு குடி பாத்து மரைக்காயர் எண்டு குடிக்குக் குடி பொறுப்பாளர வைச்ச பழைய ஆக்கள் இத நல்லா விளங்கித்தான் வைச்சிரிக்காங்க. (அதுக்குள்ளயும் சண்ட வரும், அது வேற கத.)

எங்கட ஒபிஸில பெரியவர் கையெழுத்து மட்டும்தான் போடுறார். ஆனா எல்லாரும் பயப்படுறது கணக்கு மெஷினும் சேர்வரும் பாக்கிற ஒராளுக்கு. பதவியில அவர் கீழதான், முகம் சுழிச்சா முடிவே மாறுது. எப்பிடி?
- ஒரு வாசகர், அக்கரைப்பற்று

இது பிரான்ஸிலயும் நடந்த கதைதான். மிஷெல் குரோஸியே எண்ட சமூகவியலாளர் 1950களில அங்கத்த அரசாங்கப் புகையிலைத் தொழிற்சாலைகளப் போய் ஆராய்ஞ்சார். அங்க எல்லாத்துக்கும் சட்டம், ஆரு எப்ப என்ன செய்யிற எண்டு எழுதி வைச்சிரிக்கு, எழுதி வைக்க முடியாதது ஒண்டே ஒண்டு, மெஷின் எப்ப பழுதாகும் எண்டது. அதத் திருத்தத் தெரிஞ்சது பராமரிப்பு ஆக்களுக்கு மட்டும். மெஷின்ட விளக்கப் புத்தகங்களும் காணாமப் போயிட்டு, எல்லாம் அவங்கட மண்டைக்குள்ள. ஆகவே மெஷினில நிக்கிற ஆக்களும் சரி, மேற்பார்வையாளரும் சரி, அவங்களப் பகைக்கேலாது. நம்மட வட்டையிலயும் (வயல்வெளியிலயும்) பாருங்க, கடைக்கோடி வயலுக்கு தண்ணி எப்ப வரும் எண்டது நிச்சயமில்லாத வருசத்தில தண்ணி பங்கிடுற வட்டவிதானைக்கு கிடைக்கிற மரியாத வேற, குளம் நிரம்பின வருசத்தில வேற.

அவரோட மோதாதீங்க, மோதினா சேர்வர் விழும். ஒரு பொடியன அவரோட விட்டுப் பழக்குங்க, பாஸ்வேர்ட் எல்லாம் எழுதி மூடின கவருக்குள்ள பெரியவர்ட அலுமாரியில வைக்கச் சொல்லுங்க, அவருக்கும் ஒரு நல்ல பதவிப் பெயர் குடுங்க, பறிக்கிற மாதிரி இரிக்கப்போடா. மறுகா "அண்ண, களைச்சிப் போயிட்டீங்க, ரெண்டு கிழம லீவு எடுங்க" எண்டு சொல்லிப் பாருங்க. எடுக்கமாட்டார்.