விமானப் பித்து – கடிதம்

வணக்கம். என் பையனுக்குப் பத்து வயது. போன லீவில் டெல்லி போனபோது பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை, கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் பழைய போர் விமானங்கள். ‘சண்டை மேல இப்படி ஒரு மோகமா’ என்று என் வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். உங்களுக்கும் இந்தப் பித்து உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எப்படித் தொடங்கியது? இது நிலைக்குமா?
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

நிலைக்காமலும் போகலாம், போனால் போகட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது அவன் என்ன கேட்கிறான் என்பதைத்தான். விமானத்தின் பெயர், வேகம், நீளமெல்லாம் எந்தப் பையனும் ஒப்பிப்பான், ஆறு மாதத்தில் மறந்தும் போவான். ‘இது ஏன் இப்படி இருக்கு’ என்று கேட்டு, சொன்ன பதில் போதாமல் திரும்ப வந்து நின்றான் என்றால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது பெங்களூரில், கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில். அங்கே ஒரு மாருத் நிற்கிறது, இந்தியாவிலேயே செய்த போர் விமானம். கூர்மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, வால்பக்கம் போய்ப் பார்த்தால் அக்கம்பக்கமாக இரண்டு புகைபோக்கித் துளைகள். கூட வந்த மாமா, “இது சத்தத்தைவிட ரெண்டு மடங்கு வேகமாப் போகணும்னு திட்டம் போட்டுச் செஞ்சது, போகல” என்றார். ஏன் போகல? “எஞ்சின் கிடைக்கல.” ஏன் கிடைக்கல? “வாடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவ்வளவுதான். அவர் மட்டும் அன்று உட்கார்ந்து பொறுமையாக முழுக்கதையும் சொல்லியிருந்தால் நான் அதை பஸ்ஸிலேயே மறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் மற்றதெல்லாம் வந்தது. மாருத்தை வடிவமைத்தவர் குர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தைச் செய்து கொடுத்த அதே ஆள்தான். போர் முடிந்து அர்ஜென்டினா போய், அங்கிருந்து 1956-இல் இந்தியா வந்தார். முதலில் அதே அளவில், அதே உருவத்தில் எஞ்சின் இல்லாத மரக் கிளைடர் ஒன்றைச் செய்து, டகோட்டா என்ற விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அசல் விமானத்தை 17 ஜூன் 1961 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் முதன்முதலாக ஓட்டினார். ஆனால் டாங்க் மனதில் வைத்திருந்த, பின்னெரிப்பு வசதி (வெளியேறும் புகையில் மறுபடி எரிபொருளை ஊற்றி எரித்துக் கூடுதல் உந்துதல் பெறுவது) கொண்ட ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பிரிட்டனில் பாதியிலேயே கைவிட்டுவிட்டார்கள், அதைத் தொடரப் பணம் போட இந்தியாவும் முன்வரவில்லை. சரி, கைக்குக் கிடைத்த சாதாரண ஆர்ஃபியஸ் இரண்டைப் பொருத்தினார்கள். அதே குடும்பத்து எஞ்சின் ஒன்றே ஒன்று குட்டி நாட் விமானத்துக்குத் தாராளமாகப் போதும். மாருத்தின் எடைக்கு இரண்டும் போதவில்லை. எகிப்தில் உருவாகிக்கொண்டிருந்த எஞ்சினைக்கூட மாட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. அப்புறம் நாமே பின்னெரிப்பு சேர்த்துச் செய்த மாருத்தைச் சோதிக்கும்போதுதான் 1970 ஜனவரியில் தாஸ் விபத்தில் இறந்தார். மாருத்தைச் செய்த அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். பக்கம் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, டிராஃபிக்கில் மாட்டி அந்தச் சாலையைத் திட்டாத பெங்களூர்க்காரர் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் தாழப் பறந்து குண்டடி பட்டு, ஒரு எஞ்சின் போய், இன்னொன்றை வைத்தே வீடு திரும்பிய மாருத்துகள் உண்டு. போதாத எஞ்சின்தான், ஆனாலும் இரண்டு இருந்ததே.

உங்கள் வீட்டுக்காரரின் கவலை நியாயமானது. இவை ஆளைக் கொல்லச் செய்தவை, அதைப் பையனிடம் மழுப்ப வேண்டாம். மாருத்தின் முன்பக்கம் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன, 30 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கு. அவை எதற்கு என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் போன பாலம் அருங்காட்சியகத்திலேயே இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜப்பானியர்களின் ஓகா விமானம் இருக்கிறதே, கவனித்தானா? மரக்கட்டை மேல் வைக்கிற பொம்மை மாதிரி சின்னதாக இருக்கும். அதற்குச் சக்கரம் எங்கே என்று அவனிடம் கேளுங்கள். சக்கரமே கிடையாது, ஏனென்றால் அது திரும்பி இறங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை. உள்ளே ஒரு ஆளை உட்காரவைத்து, பெரிய விமானம் ஒன்றின் வயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுபோய்க் கப்பல் மேல் மோத விடுவார்கள். இதைப் புரிந்துகொண்ட பையனுக்குச் சண்டை மேல் மோகம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயே நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்றும் நிற்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இந்த ரக விமானங்களை வேறு யாரும் பறக்கவிடக் கூடாதென்று கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் பிரிட்டிஷ்காரர்கள். எச்.ஏ.எல். அவற்றைத் தேற்றியது, நாற்பதுக்கும் மேல். அரைகுறையாகச் சரிசெய்த நிலையிலேயே அவற்றை ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி. 1968 வரை அவை நம் விமானப்படையில் இருந்தன.

இதில் பாதியை மட்டும் அவனிடம் சொல்லுங்கள். விலை உயர்ந்த மாடல் கிட் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கணக்கு நோட்டை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, வரைய வேறு நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.