படகு றெயிலரின் சில்லுப் பெயரிங் ஏன் விரைவில் பழுதாகிறது? எப்போது மாற்ற வேண்டும்?

பெயரிங் என்பது சில்லு அச்சில் உராயாமல் சுழல உதவும், உருக்கு உருளைகள் கொண்ட வளையமாகும். முல்லைத்தீவு வீதியில் ஓடிச் சூடேறிய சில்லின் குடத்தை (பெயரிங் பொருந்தும் நடுப்பகுதியை) உடனே நாயாற்றின் உப்புநீரில் இறக்கும்போது, சூடாக மூடிய போத்தல் ஆறியதும் உட்குழிவதைப் போல, உள்ளிருக்கும் காற்று சுருங்கி குடத்தை அடைக்கும் இறப்பர் வளையமான ஒயில் சீலின் விளிம்பு வழியே நீரை இழுத்துக்கொள்வதால், கிறீஸ் பால்நிறமாகி உருளைகள் துருப்பிடிக்கின்றன. ஆகவே, இறக்குமுன் சற்று ஆறவிடுவது நல்லது.

சில்லை உயர்த்திச் சுழற்றுகையில் கரகரப்புக் கேட்டால் பெயரிங்கை மாற்ற வேண்டும். குடத்தினுள் இறுகியிருக்கும் வெளிவளையத்தையும் சீலையும் (பலர் விட்டுவிடுவது இவற்றைத்தான்) சேர்த்தே மாற்றாவிடில், தேய்ந்த வளையம் புதிய உருளைகளையும் கெடுத்துவிடும். சில்லைச் சுழற்றியபடி அச்சு முனையின் நட்டை இறுக்கி, சற்றே தளர்த்தி, அது கழலாதபடி கொட்டர் பின் எனும் கம்பி ஊசியை இட வேண்டும்.

புதுக் கிறீஸ் அடித்தாலே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். துருவால் குழி விழுந்த உருளையைக் கிறீஸ் சீராக்காது.