நடு வளிமண்டலத்தின் ஊசலாட்டங்கள்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: நடு வளிமண்டலம் என்பது எந்த உயரத்தில் இருக்கிறது?

ஏறத்தாழ 10 முதல் 100 கிலோமீட்டர் வரை. ஓசோன் செறிந்த அடுக்கு மண்டலம் கீழே. 50 கிலோமீட்டருக்கு மேல் இடை மண்டலம்.

பள்ளி ஆசிரியர்: நிலநடுக்கோட்டின் மேல் காற்று திசை மாறுவது பருவக்காற்றைப் போன்றதுதானே?

இல்லை. பருவக்காற்று சூரியன் இயக்குவது, ஆண்டுக் கணக்குக்குக் கட்டுப்பட்டது. அடுக்கு மண்டலத்திலோ கீழைக்காற்றும் (கிழக்கிலிருந்து வீசுவது) மேலைக்காற்றும் (மேற்கிலிருந்து வீசுவது) மாறி மாறி வீசி ஒரு சுற்றை முடிக்கச் சராசரியாக 28 மாதங்கள் ஆகின்றன. 1883இல் கிரகட்டோவா எரிமலைத் தூசி மேற்கு நோக்கி விரைந்தது. 1908இல் ஆப்பிரிக்காவில் பறக்கவிட்ட பலூன்கள் எதிர்த்திசைக் காற்றைக் காட்டின. இவை ஒரே ஊசலாட்டத்தின் இரு கட்டங்கள் என்பது 1960 வாக்கில்தான் தெளிவானது.

அதே ஆசிரியர்: சூரியன் இயக்கவில்லை என்றால் வேறு எது இயக்குகிறது?

கீழிருந்து கிளம்பும் அலைகள். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வெப்பமண்டல இடிமேகங்கள் காற்றை உலுக்கி, கிழக்கும் மேற்குமாக நகரும் அலைகளை மேலே அனுப்புகின்றன. தன் வேகத்துக்கு இணையான காற்றை நெருங்கும்போது அலை வலுவிழந்து, தன் உந்தத்தை அங்கே விட்டுவிடுகிறது. அதனால் அந்தக் காற்று தன் அடிப்பக்கத்தில் வலுக்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குகிறது. எதிர்த்திசை அலைகளோ தடையின்றி மேலேறி, அடுத்த காற்றை உருவாக்குகின்றன. வளிமண்டல ஆய்வாளர்கள் லிண்ட்சனும் ஹோல்டனும் 1968இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது. 1978இல் பிளம்பும் மெக்யூவனும் வளைய வடிவத் தொட்டியில் உப்புநீரை நிரப்பி, அதன் அடி எல்லையை மேலும் கீழுமாக அசைத்தார்கள். அசைவு இரு திசைக்கும் சமம்தான். ஆனாலும் நீர் ஒரு திசையில் ஓடி, பிறகு தானாகவே எதிர்த்திசைக்குத் திரும்பியது!

ஆய்வு மாணவர்: வெப்பநிலையும் சேர்ந்து ஊசலாடுமா?

ஆம். மேலைக்காற்று இறங்கிவரும் அடுக்கில் வெப்பம் சற்றுக் கூடும், கீழைக்காற்று இறங்கும்போது குறையும். சுமார் 4 டிகிரி வரை. அடுக்கு மண்டலத்தின் உச்சியருகேயோ, 28 மாதச் சுற்றுக்குப் பதிலாக, 6 மாத ஊசலாட்டம் ஓங்கியிருக்கிறது.

வாசகர் ஒருவர்: துருவத்தில் கோடையில்தான் இடை மண்டல உச்சி மிகவும் குளிரும் என்கிறார்களே, எப்படி?

அதுவும் அலைகளின் வேலைதான். உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. 80 கிலோமீட்டரில் அடர்த்தி தரையில் உள்ளதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். தரையருகே சிற்றலையாக இருந்தது அங்கே பெரிதாகி உடைகிறது. அந்த உந்துதல் கோடைத் துருவத்தில் காற்றை மேலெழச் செய்கிறது. மேலெழும் காற்று விரிந்து குளிர்கிறது. நாள் முழுதும் வெயில் இருந்தும் வெப்பநிலை மைனஸ் 140 டிகிரியை எட்டலாம். நள்ளிரவில் ஒளிரும் பனிமேகங்கள் உருவாவது அங்கேதான்.

கல்லூரி மாணவி: 28 மாதச் சுற்று ஒருபோதும் தவறியதில்லையா?

2016 தொடக்கத்தில் முதன்முறையாகத் தவறியது. மேலைக்காற்றின் நடுவே, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரத்தில், கீழைக்காற்று முளைத்தது. வடபுலத்திலிருந்து வந்த வலிய அலைகள் முக்கியக் காரணம். 2019-20இல் மறுபடியும் நடந்தது. இந்த ஊசலாட்டத்தைச் சார்ந்து நீண்டகால வானிலை முன்கணிப்பு செய்வோர் இவ்விரண்டையும் கவனமாகப் படிக்க வேண்டும்.