தூண்டில் கேள்வி – பதில்: பழைய பெட்டியில் எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: பெரியப்பா விட்டுச்சென்ற பெட்டியில் மரத்தில் செதுக்கிய பொய்மீன்கள் நான்கும், பித்தளைக் கரண்டி இரைகள் சிலவும், பழைய ரீலும், பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்த தூண்டில் கோலும் இருக்கின்றன. ‘இந்தக் காலத்து மீன் இதையெல்லாம் சீண்டாது’ என்கிறார்கள் நண்பர்கள். உண்மைதானா?

பதில்: நண்பர்கள் மீனைப் பற்றிச் சொல்வதை நம்ப வேண்டாம். கரண்டி இரைக்கு அமெரிக்காவில் ஜூலியோ பியூல் காப்புரிமை பெற்றது 1852-இல். குழிந்த தகடு இழுபடும்போது இருபுறமும் தள்ளாடி, அடிபட்ட மீனைப் போல் மின்னுகிறது என்பதே அதன் சூட்சுமம், அது இன்றும் மாறவில்லை. பின்லாந்து மீனவர் லௌரி ரபாலா 1936-இல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த தாளை அதன்மேல் போர்த்தி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசிச் செய்த பொய்மீனின் நொண்டி நீச்சலைத்தான் இன்றைய பிளாஸ்டிக் இரைகள் பலவும் பின்பற்றுகின்றன. சாயம் மங்கியிருப்பதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே கருத்துவிடுவதால், புதிய இரைகளின் பளபளப்பில் பாதி கடைக் கண்ணாடிக்குள்தான் செல்லுபடியாகும்.

மரப் பொய்மீன்களை ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். முதுகு மேலாக நேரே நிற்காமல் ஒருபுறம் சாய்ந்தால், சாயம் பெயர்ந்த இடத்தின் வழியே மரத்துக்குள் நீர் இறங்கியிருக்கலாம். அப்படிப்பட்டதை நிழலில் பல நாள் உலர்த்திய பிறகே வார்னிஷ் பூச வேண்டும். ஈரத்தோடு பூசினால் உள்ளே ஊறிய மரம் மறுபடியும் பூச்சை வெடிக்கச் செய்யும். முட்களை மட்டும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். புதிய முள்ளின் எடை பழையதன் எடையை ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீச்சலே கெட்டுப்போகும்.

கேள்வி: அப்படியென்றால் பழைய கோலிலும் ரீலிலும் இப்போது கிடைக்கும் பின்னல் நரம்பை, அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் கயிற்றை, சுற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: இதைத்தான் செய்யக் கூடாது. இரையில் பழையதும் புதியதும் ஏறக்குறைய ஒன்றே, நரம்பில் அப்படியில்லை. 1930-களின் இறுதியில் நைலான் வரும்வரை, பட்டு, லினன் நூல்களை ஒவ்வொரு நாளும் ரீலிலிருந்து உருவி உலர்த்தாவிட்டால் அவை மக்கிவிடும். நைலான் அந்தத் தொல்லையை ஒழித்ததோடு, மீன் திமிறும்போது நன்றாக நீண்டு கொடுத்து அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது. 1990-களில் பரவிய பாலிஎத்திலீன் பின்னல் நரம்பு, அதே வலிமைக்கு மிக மெல்லியது, ஆனால் ஏறக்குறைய நீளவே நீளாது. மீன் கொத்துவது விரலில் உடனே தெரிவது அதனால்தான். மூங்கில் கோல் முறிவதும் அதனால்தான். நரம்பு ஓடும் பழைய கோலின் கம்பி வளையங்களில் பின்னல் மெல்ல அறுத்துக் கோடு போட, அந்தக் கோட்டின் கூர் விளிம்பு பிறகு நரம்பையே அறுக்கும். பின்னல் நரம்புதான் வேண்டுமென்றால் பீங்கான் வளையம் பதித்த புதிய கோல் வாங்குங்கள். அப்போதும் ரீலில் முதலில் சில சுற்று நைலானைச் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் வழவழப்பான உருளையின்மேல் பின்னல் முழுதும் நழுவிச் சுழலும். மூங்கில் கோலுக்கு நைலானே போதும்.

கேள்வி: புதிதாக வாங்கிய ரப்பர் புழுக்களைப் பெரியப்பாவின் பெட்டியிலேயே போட்டுவைத்தேன். அவை பொய்மீன்களோடு ஒட்டி, சாயம் பிசுபிசுத்துவிட்டது. ஏன்?

பதில்: அந்தப் புழுக்கள் பெரும்பாலும் ரப்பரல்ல, மென்மைப்படுத்திய பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் சாயத்தையும் கெட்டி பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். புழுக்களை அவை வந்த உறையிலேயே, வேறு பெட்டியில் வையுங்கள். கெட்ட சாயத்தைச் சுரண்டிவிட்டு, மரம் உலர்ந்த பின் மறுபடி பூசலாம்.