பின்னால் வந்து விளக்கடிப்பவருக்கு நான் ஏன் வழிவிட வேண்டும்?

வாசகர் கேள்வி: மதுரையில் பதினைந்து ஆண்டு கார் ஓட்டியவன் நான். இப்போது ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாயின் ஜெபல் அலிக்குத் தினமும் ஷேக் முகமது பின் சையத் சாலை வழியாக வேலைக்குப் போகிறேன். 110 என்று பலகை இருக்கும் இடத்தில் சரியாக 110-ல் போனாலும், பின்னால் ஒருவர் பம்பரை உரசுவதுபோல் வந்து ஹெட்லைட்டை அடிக்கிறார். முன்வண்டிக்கு இடைவெளி விட்டால் அதில் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார். எக்ஸிட் அருகே குறுக்கே பாய்கிறார்கள். ரவுண்டானா என்றாலே வயிறு கலங்குகிறது. வீடு திரும்பும்போது தலைவலிதான் மிச்சம். சட்டப்படி ஓட்டும் நான் ஏன் ஒதுங்க வேண்டும்? காரில் கேமரா வைத்து இவர்களை ஊரறிய அம்பலப்படுத்தினால் என்ன?

பதில்: கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இடது ஓர டிராக்கில் போய்க்கொண்டிருந்தால், வழிவிட வேண்டியது உங்கள் கடமை. பின்னாலிருந்து வருபவருக்கு வழிவிடாமல் போவது இங்கே தனிக் குற்றம். அபராதம் 400 திர்ஹம். ஒட்டிக்கொண்டு வருபவரும் தப்பவில்லை, அவருக்கு 400 திர்ஹத்தோடு நான்கு கரும்புள்ளிகளும் உண்டு. ஓராண்டில் 24 கரும்புள்ளி சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் முடக்கப்படும். ஆக, அந்த இடத்தில் நீங்கள் இருவருமே குற்றவாளிகள். அவர் வேக வரம்பை மீறுகிறாரா என்று பார்ப்பது ரேடாரின் வேலை. அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

சரியாக 110-ல் போகும் உங்களை ஏன் தடையாகப் பார்க்கிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. துபாயிலும் ஷார்ஜாவிலும் பலகையில் உள்ள வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை ரேடார் விட்டுவிடும். 110 பலகை உள்ள சாலையில் 131-ல்தான் அது கண் சிமிட்டும். இது ஊரறிந்த கணக்கு என்பதால் அவசரக்காரர்கள் 128, 130 என்று ஓட்டுகிறார்கள். அவர்களுடைய நினைப்பில் 130-தான் அந்தச் சாலையின் வேகம், நீங்கள் 20 குறைவாக ஊர்கிறீர்கள். இது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டால், பின்னால் வருபவர் உங்கள் மேல் தனிப்பட்ட வன்மம் கொண்டவர் இல்லை என்பதாவது விளங்கும். இதே கணக்கை நம்பி அபுதாபிக்குப் போய்விடாதீர்கள். 2018 ஆகஸ்டிலிருந்து அங்கே இந்தச் சலுகை கிடையாது. பலகையில் உள்ளதுதான் கடைசி வேகம். எல்லை தாண்டும் இடத்தில் எத்தனையோ பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். திருச்சி–மதுரை நான்கு வழிச்சாலையில் லாரி முதல் டிராக்டர் வரை நடுத்தடுப்பை ஒட்டிய தடத்திலேயே போகும். வேகமாகப் போகிறவர்தான் ஓரமாகப் புகுந்து முந்திக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துப் பழகியவருக்கு நடுத்தடுப்பை ஒட்டிய தடம்தான் நிம்மதி, ஆடு மாடும் திரும்பும் வண்டியும் குறுக்கே வராது என்ற நினைப்பு. இங்கே நடுத்தடுப்பு இடது பக்கம். அதை ஒட்டிய தடம் முந்துவதற்கு மட்டும். முந்தி முடித்ததும் வலப்பக்கம் வந்துவிட வேண்டும். ஐந்து தடமுள்ள சாலையில் உங்கள் வேகத்துக்கு மூன்றாவது தடமே போதும்.

விளக்கடி வாங்கும்போது எப்படி விலகுவது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விபத்து நேர்வது பெரும்பாலும் அந்த மூன்று நொடியில்தான். முதலில் பிரேக்கில் கால் வைக்காதீர்கள். பயமுறுத்துவதற்காக லேசாகத் தொடுவதும் கூடாது. வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வலது இண்டிகேட்டரைப் போடுங்கள். பாதிப் பேர் அதைப் பார்த்தவுடனேயே பின்வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது, நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்ற அடையாளம்தான். மீதிப் பேர் பொறுமை இழந்து, நீங்கள் விலகும் அதே நொடியில் வலப்பக்கமாகவே முந்தப் பார்ப்பார்கள். ஆகவே உள்கண்ணாடியில் அவர் இன்னும் பின்னாலேயே இருக்கிறாரா என்று பாருங்கள், பிறகு வலது கண்ணாடி, பிறகு தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை. அதன்பின் மெதுவாக விலகுங்கள். வலது தடத்தில் இடமே இல்லையென்றால், இண்டிகேட்டர் எரியட்டும். இடம் வரும்வரை அப்படியே போய்க்கொண்டிருங்கள். அவர் விளக்கடித்தார் என்பதற்காக இல்லாத இடத்தில் நுழையாதீர்கள்.

விளக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே அர்த்தம் என்று நம்பவும் வேண்டாம். குறுக்குச் சாலையில் காத்திருக்கும்போது எதிரே வருபவர் விளக்கடித்தால், ‘நீ போ’ என்று சொல்பவரும் உண்டு, ‘நான் வருகிறேன், நில்’ என்று சொல்பவரும் உண்டு. இருநூறு நாட்டு மக்கள் ஓட்டும் சாலை இது, ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் ஓட்டப் பழகி வந்தவர்கள். அவர் வண்டியின் வேகம் குறைவதைக் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள். ஹார்ன் விஷயம் வேறு. நம் ஊரில் ஹார்ன் என்பது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு. இங்கே அது திட்டுவதற்குச் சமம்.

அடுத்து, இடைவெளியில் நுழைபவர்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டருக்கும் சற்று அதிகம். மூன்று நொடி இடைவெளி என்பது ஏறக்குறைய 90 மீட்டர். அவ்வளவு இடத்தைக் கண்டால் ஒருவர் நுழையத்தான் செய்வார். நுழையட்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்து மீண்டும் இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் நுழைவதால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு மூன்று நொடி. வீட்டிலிருந்து ஜெபல் அலி வரை இருபது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது. அந்த ஒரு நிமிடத்தைக் காப்பாற்ற முன்வண்டியை ஒட்டிப் போய் இடித்தால், பின்னால் இடித்தவர் என்பதற்காகப் பழி பெரும்பாலும் உங்கள் மேல்தான் விழும்.

எக்ஸிட் அருகே குறுக்கே பாய்பவர்களைத் திருத்த முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே வலது தடங்களுக்கு வந்துவிடுவது. உங்கள் எக்ஸிட் தவறிப்போனால் அடுத்ததில் இறங்கித் திரும்புங்கள். நடுச்சாலையில் நிறுத்தி யோசித்தால் 1,000 திர்ஹமும் ஆறு கரும்புள்ளியும் என்பது ஒருபுறமிருக்க, உயிரோடு திரும்புவதே சந்தேகம்.

ரவுண்டானாவில் உங்கள் வயிறு கலங்குவதற்குக் காரணம், ஊரில் வலப்பக்கம் பார்த்துப் பழகிய கழுத்து. இங்கே சுற்று எதிர்த்திசையில். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, அவர் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார். வலது அல்லது நேரே போக வெளித்தடம். இடது அல்லது யூ-டர்ன் என்றால் உள்தடம். இதை அறியாமல் வெளித்தடத்திலேயே முழுச் சுற்றும் சுற்றுகிறவர்தான் உரசல்களுக்கு மூலம். அவரிடமிருந்து தப்ப எளிய வழி, ரவுண்டானாவுக்குள் எந்தக் காருக்கும் பக்கத்தில் சமமாக ஓட்டாமல் பாதிக் கார் நீளமாவது பின்தங்கி வருவது.

தலைவலிக்கு ஒரு மாற்று: தினமும் முழுத் தூரமும் ஓட்டித்தான் ஆக வேண்டுமா? சென்டர்பாயின்ட் மெட்ரோ நிலையத்தில் பயணிகளுக்கென்று பல மாடி வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. காரை அங்கே விட்டுவிட்டுச் சிவப்புத் தட மெட்ரோ ரயிலில் ஏறினால் ஜெபல் அலி பக்கம் இறங்கலாம். இறங்கிய பிறகு அலுவலகம் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாள் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

கோபம் வந்தால் கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருங்கள். ஆபாசமான சைகை இங்கே கிரிமினல் வழக்கு. நாடு கடத்தல்வரை போகக்கூடியது. எதிராளி உங்கள் கார் எண்ணோடு புகார் கொடுத்துவிட்டால், ‘அவர்தான் முதலில் வெட்டினார்’ என்ற வாதம் எடுபடாது.

கேமராவுக்கு வருகிறேன். அம்பலப்படுத்துவதை அடியோடு மறந்துவிடுங்கள். ஒருவருடைய சம்மதமில்லாமல் அவருடைய படத்தையோ காணொளியையோ வெளியிட்டு அந்தரங்கத்தை மீறினால், 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி குறைந்தது ஆறு மாதச் சிறையும் 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம்வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்றும் விதிக்கலாம். விளக்கடித்தவருக்கு 400, அதைப் படம் போட்ட உங்களுக்கு லட்சக்கணக்கில். புகார் சொல்ல நேர்வழி இருக்கிறது: துபாய் போலீஸ் செயலியில் ‘நாம் அனைவரும் போலீஸ்’ என்ற சேவை. வண்டி எண், இடம், நேரம், என்ன நடந்தது என்பதை அதில் தெரிவிக்கலாம். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரை அனுப்பச் சொல்லுங்கள், தனியாகப் போகிறவர் என்றால் அலுவலகம் சேர்ந்த பிறகு அனுப்புங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தால் 800 திர்ஹமும் நான்கு கரும்புள்ளியும் உங்கள் கணக்கில் ஏறும்.