கிராமச் சாலையில் குறைந்த செலவில் பாதுகாப்பு: கேள்வி பதில்

ஊராட்சிச் செயலர், நாமக்கல் மாவட்டம்: கையில் இருப்பது சின்னத் தொகை. போன மாதம் விபத்து நடந்த வளைவிலேயே எல்லாவற்றையும் செலவழிக்கச் சொல்கிறார்கள். சரியா சார்?

அந்த வளைவைக் கவனியுங்கள், ஆனால் மொத்தப் பணத்தையும் அங்கே கொட்டாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் 5 பெரிய விபத்துகளோ 10 உயிரிழப்புகளோ நடந்தால் அதைக் கரும்புள்ளி என்பார்கள். கிராமச் சாலையில் விபத்து அப்படி ஒரே இடத்தில் குவியாது. இந்த வருடம் ஒரு வளைவு, அடுத்த வருடம் வேறொன்று. அதனால் இடத்தைவிட வகையைப் பிடியுங்கள். புதர் மறைத்ததுதான் காரணம் என்றால், அப்படி மறைக்கும் எல்லா வளைவிலும் வெட்டுங்கள். பட்டியல் போடப் பால் வண்டிக்காரரையும் டவுன் பஸ் டிரைவரையும் கேளுங்கள். போலீஸ் பதிவில் வராமல் விழுந்து எழுந்து போனவர்களின் கதை அவர்களுக்குத்தான் தெரியும்.

எவ்வளவு தூரம் வெட்டணும்?

40 கி.மீ. வேகத்தில் வருபவர் பார்த்து, பிரேக் பிடித்து நிற்க 45 மீட்டர் வேண்டும். 3.75 மீட்டர் அகலத் தார்ச்சாலையில் எதிரே வருபவரும் அதே தடத்தில்தான் வருகிறார். ஆக 90 மீட்டர் தெரிய வேண்டும். வளைவின் உட்பக்கம் சீமைக்கருவேலம் என்றால் வேரோடு எடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் மறுபடி தழைத்துவிடும். வளைவுக்கு அப்பால் வருவதைக் காட்டும் குவி கண்ணாடி கேட்பவர்கள் நிறைய. அதில் எதிர் வண்டி தள்ளி வருவது போலத் தெரியும், தூசியும் படியும். வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும் வையுங்கள்.

ஆசிரியை: பள்ளி முன்னால் ஊர்க்காரர்களே வேகத்தடை போட்டார்கள். இப்போது பைக்குகள் அதில்தான் விழுகின்றன!

குறுகலாக, செங்குத்தாக ஒரு சிமென்ட் மேடு போட்டிருப்பார்கள். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலம் வேண்டும் என்பது சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டி. அப்புறம் வெள்ளைக் கோடும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். இவை இல்லாத வேகத்தடை இல்லாமலே இருக்கலாம்.

புதுத் தார் போட்ட பிறகு ஓரம் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. பஸ்ஸுக்கு ஒதுங்கினால் பயமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் முதல் காசு இதற்குத்தான். இறங்கிய பைக் மறுபடி ஏறும்போது டயர் அந்த விளிம்பில் உரசிச் சாய்த்துவிடும். கிராவல் மண்ணைத் தார் மட்டத்துக்குக் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்குங்கள். சும்மா கொட்டினால் ஒரு மழையில் போய்விடும்.

சாலையை ஒட்டித் திறந்த கிணறு இருக்கிறது. ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

போதாது. ஸ்டிக்கர் ஒட்டிய கம்பங்களை இன்றே நடுங்கள், ஆனால் தடம் மாறிய காரை அவை நிறுத்தாது. இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: இரும்புத் தடுப்பு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் யாரிடம் போவது?

முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை ஆரஞ்சு நிறமென்றால் பெரும்பாலும் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. அதைப் போட்ட ஒப்பந்ததாரர் 5 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். வேலை முடிந்த தேதி சாலை முகப்பிலுள்ள பலகையில் இருக்கும். காலம் இன்னும் முடியவில்லையென்றால் ஓர மண்ணுக்கும் புதருக்கும் உங்கள் பணத்தைத் தொடாதீர்கள். தேதியைக் குறிப்பிட்டு ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கு மனு கொடுங்கள்.